ஜாக் தூக்கும், கட்டை தாங்கும்: கார் ஷெட்டில் கனமான சாமான்களை நகர்த்த

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் கார் ஷெட்டுக்குள் கார் மட்டும் இருப்பதில்லை. கொல்லையிலிருந்து வந்த ஆட்டுக்கல், வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் கழற்றிய தேக்குத் தூண், யாரும் திறக்காத இரும்புப் பெட்டி, ஓடாமல் நிற்கும் புல்லட், பழைய டீசல் ஜெனரேட்டர் எல்லாம் அங்கேதான் ஒதுங்கும். வீட்டில் மராமத்து வேலை தொடங்கினால் இவை ஒவ்வொன்றையும் நகர்த்தியாக வேண்டும். நாலு ஆளைக் கூப்பிட்டு "ஏலேலோ" போட்டுத் தூக்குவதில்தான் இடுப்பும் போகிறது, விரலும் நசுங்குகிறது. ஷெட்டின் ஒரு மூலையில் அடங்கிவிடும் சில சாமான்கள் இருந்தால் 500 கிலோ வரை இரண்டு பேர் நிதானமாக நகர்த்தலாம்.

முதலில் வாங்க வேண்டியவை: 3 மீட்டர் ஏற்றம் உள்ள 1 டன் செயின் பிளாக் (கைச்சங்கிலியை இழுத்துப் பாரத்தைத் தூக்கும் கருவி), சாமானைச் சுற்றிப் பிடிக்கும் 1 டன் பெல்ட் இரண்டு, அதற்கேற்ற வில் ஷாக்கிள் (பெல்ட்டைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையம்) இரண்டு, 5 டன் பாட்டில் ஜாக் (நேராக மேலே எழும் குட்டை ஹைட்ராலிக் ஜாக்) ஒன்று, ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப் 3 அடி நீளத்தில் ஐந்து, ஒன்றரை மீட்டர் சங்கிலி உள்ள முக்கால் டன் லீவர் ஹாய்ஸ்ட் (கைப்பிடியை ஆட்டிச் சங்கிலியை இழுக்கும் கருவி) ஒன்று, நல்ல கடப்பாரை ஒன்று. இவற்றோடு 4 அங்குலத்துக்கு 4 அங்குலம், ஒன்றரை அடி நீளத்தில் வைரம் பாய்ந்த மரக்கட்டைகள் இருபதாவது வேண்டும். பலரும் கட்டையைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஜாக்கும் செயின் பிளாக்கும் தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கியதைத் தாங்கி நிற்பது கட்டை. கட்டை இல்லாமல் தூக்குவதாக இருந்தால் அந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

எடையைக் கணக்குப் போடுங்கள்

கண்ணால் பார்த்து எடை சொன்னால் பாதிக்குப் பாதி தப்பும், அதிலும் கல் நிறைய ஏமாற்றும். கருங்கல் ஒரு கன அடி சுமார் 76 கிலோ. காய்ந்த தேக்கு ஒரு கன அடி 18, 19 கிலோ. இரும்புத் தகடு 1 மீட்டருக்கு 1 மீட்டர் அளவில், ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் ஏறக்குறைய 8 கிலோ. இந்த மூன்று எண்களையும் ஷெட் சுவரில் எழுதி வைத்தால் போதும்.

ஒன்றே முக்கால் அடி குறுக்களவும் ஒன்றேகால் அடி உயரமும் உள்ள ஆட்டுக்கல், குழியைக் கழித்தால் 2.7 கன அடி வரும். அதாவது 200 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், குழவி தனி. ஓரடி குறுக்களவில் 10 அடி நீளத் தேக்குத் தூண் 145 கிலோதான். அதே கனத்தில் 8 அடி நீளச் சதுரக் கருங்கல் தூண் 600 கிலோவைத் தாண்டும். பார்வைக்கு இரண்டும் ஒரே பருமன். தேக்குத் தூணைத் தூக்கிய தைரியத்தில் கல் தூணில் கைவைத்தால் அங்கேதான் விபத்து. இரும்புப் பெட்டிக்குத் தகட்டுக் கணக்கு மட்டும் போதாது. சில பெட்டிகளின் இரட்டைச் சுவருக்குள் தீ தாங்குவதற்கான பொடி நிரம்பியிருக்கும், அதனால் கணக்கில் வந்ததைப்போல ஒன்றரை மடங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

எதில் தொங்கவிடுவது

செயின் பிளாக் வாங்கியதும் கண் போகும் இடம் ஷெட்டின் கூரைச் சட்டம். வேண்டாம். தகர ஷெட்டின் டிரஸ்ஸும் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) பர்லினும் (தகடு பொருத்தும் குறுக்குச் சட்டம்) தகடு, காற்று, மேலே ஏறி வேலை பார்க்கும் ஓர் ஆள், இவ்வளவுக்குத்தான் கணக்கிடப்பட்டவை. பழைய வீட்டின் தேக்கு உத்திரம் பார்க்கப் பூதம்போல இருக்கும், ஆனால் சுவருக்குள் இருக்கும் அதன் முனை கரையான் அரித்து உள்ளே பொள்ளலாக இருந்தால் வெளியே தெரியாது. காங்கிரீட் தளத்தின் ஃபேன் கொக்கி ஃபேனுக்கு மட்டும்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, போர் மோட்டார் தூக்குகிறவர்கள் வைத்திருக்கும் மூன்று பைப் முக்காலி. கேட்டால் நாள் வாடகைக்குக் கிடைக்கும். கால்களை, கால் நீளத்தில் பாதி அளவுக்காவது விரித்து, மூன்று பாதங்களையும் சுற்றிச் சங்கிலியால் கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால் சிமெண்டுத் தரையில் பாதம் மெல்ல மெல்ல நழுவும், பாதி ஏற்றத்தில்தான் அது கண்ணில் படும். முக்காலியில் நேர் கீழே உள்ளதை மட்டும் தூக்க வேண்டும். ஓரத்தில் இருப்பதை இழுத்துத் தூக்கினால் முக்காலி அந்தப் பக்கமே சாயும்.

இன்னொன்று, பட்டறையில் செய்து வாங்கும் ஏ-பிரேம், அதாவது இரண்டு பக்கமும் ‘A’ வடிவக் கால், மேலே குறுக்கே ஒரு பீம். 1 டன்னுக்கு, இரண்டு கால்களுக்கும் நடுவே 2.5 மீட்டர் என்றால் மேலே ஐ.எஸ்.எம்.பி. 150 ஐ-பீம் (150 மில்லிமீட்டர் உயர இரும்பு உத்திரம்) தாராளமாகப் போதும். மீட்டருக்கு 15 கிலோ, ஆக பீம் மட்டும் 38 கிலோ. கால்களுக்கு 2 அங்குல நடுத்தர வகை பைப், பாதத்தின் விரிவு உயரத்தில் பாதிக்குக் குறையாமல். பட்டறையில் தவறாமல் கேட்டு வாங்க வேண்டியது, பீமும் காலும் சேரும் மூலையில் சாய்வு முட்டு. அது இல்லாத பிரேம் நேராகத் தொங்கும் பாரத்தைத் தாங்கிவிடும், ஆனால் பாரம் லேசாக ஆடினால் முழுதும் சாய்சதுரமாக ஒடுங்கும். மூலைகள் எம்16 (16 மில்லிமீட்டர் குறுக்களவு), அதிக வலுவுள்ள 8.8 ரகப் போல்டாக இருந்தால் வேலை முடிந்ததும் கழற்றிச் சுவரோரம் சாத்திவிடலாம். 1 டன்னுக்கு மேல் வேண்டுமானால் கட்டுமானப் பொறியாளர் ஒருவரிடம் கணக்குக் காட்டாமல் செய்யாதீர்கள்.

உயரம் எங்கே போகிறது

சாமான் வாங்கியபின் "தூக்கவே இடமில்லை" என்று நிற்பவர்கள் உண்டு. ஒரு தகர ஷெட்டை எடுத்துக்கொள்வோம், கூரையின் அடி 2.4 மீட்டர். பீமின் மேல்தலை 2.3-ல் நின்றால் அடிப்பக்கம் 2.15. பீமைக் கவ்விப் பிடிக்கும் பீம் கிளாம்ப் 15 சென்டிமீட்டர் தின்னும், செயின் பிளாக்கின் மேல் கொக்கி 2 மீட்டரில் நிற்கும். செயின் பிளாக்கை முழுக்கச் சுருக்கினாலும் மேல் கொக்கிக்கும் கீழ் கொக்கிக்கும் நடுவே 35 சென்டிமீட்டர் போகும், மிச்சம் 1.65. 60 சென்டிமீட்டர் அகலச் சாமானுக்கு இரண்டு பக்கமும் பெல்ட் போட்டு, தரைமட்டத்திலிருந்து 60 டிகிரி சாய்வில் பிடித்தால் பெல்ட்டின் உயரம் மட்டும் 52 சென்டிமீட்டர். மிச்சம் 1.13. சாமான் 1 மீட்டர் உயரம் என்றால் தரையிலிருந்து 13 சென்டிமீட்டர்தான் எழும்பும். 15 சென்டிமீட்டர் உயர டிராலி அடியில் நுழையாது.

பெல்ட்டைக் குட்டையாக்கிச் சாய்வை 45 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 22 சென்டிமீட்டர் மிச்சமாகும். அதற்கு ஈடாகப் பெல்ட்டில் இழுப்பு கூடும். 500 கிலோ பாரத்துக்கு 60 டிகிரியில் ஒவ்வொரு காலிலும் 290 கிலோ. 45 டிகிரியில் 354. 30 டிகிரியில் இரண்டு கால்களும் தலைக்கு 500 கிலோ சுமக்கும். அதற்கும் கீழே போனால் இழுப்பு மடமடவென்று ஏறும், சாமானின் பக்கங்களும் உள்ளே நசுங்கும். 45-க்குக் கீழே இறங்காதீர்கள். உயரம் போதவில்லை என்றால் தூக்கும் எண்ணத்தை விட்டு உருட்டுங்கள்.

பெல்ட், கொக்கி

பாலியஸ்டர் பெல்ட்டுக்கு நிறக் குறி உண்டு: ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். நிறத்தைவிட, தைத்திருக்கும் சீட்டுதான் முக்கியம். சீட்டு கிழிந்துபோன பெல்ட்டைப் பாரத்துக்கு எடுக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் ஷெட் வாசலில் தொங்கிய பெல்ட் இரண்டு கோடையில் நிறம் வெளுத்து விறைத்துப் போகும். வளைத்தால் பட்டையாக முறுக்கிக்கொண்டு நின்றால் கழித்துவிடுங்கள். சுருக்குப் போட்டுப் பிடித்தால் பெல்ட்டின் திறன் ஐந்தில் நாலு பங்குதான். முடிச்சு அறவே கூடாது. கடையில் கிடைக்கும் நைலான் கயிறு பாரத்தில் ரப்பர்போல நீளும், முடிச்சுப் போட்டால் பாதி பலம் போய்விடும், அறுந்தால் சாட்டைபோல வீசும்.

கல்லின் விளிம்பும் பெட்டியின் தகட்டு மூலையும் பெல்ட்டைக் கத்திபோல அறுக்கும். பழைய டயரை ஓரடித் துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு மூலையிலும் வையுங்கள். சாக்கை மடித்து வைத்தால் பாரம் ஏறும்போது நகர்ந்துவிடும்.

கல் தூணுக்கு ஒரு சங்கதி. கருங்கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. நடுவில் ஒரே பெல்ட் போட்டுத் தூக்கினால் இரண்டு முனைகளும் தொங்கி நடுமேல்புறம் விரிசல் விடலாம். இரண்டு பெல்ட், இரண்டு முனையிலிருந்தும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே. 8 அடித் தூணுக்கு முனையிலிருந்து 20 அங்குலம். இறக்கி வைக்கும்போது அடியில் வைக்கும் கட்டையும் அதே இடத்தில்தான். முனைக்கு ஒன்றாக வைத்துவிட்டால் பத்திரமாக இறக்கிய தூணும் நடுவில் பிளக்கக்கூடும்.

தூக்கும்போது

கொக்கியைச் சாமானின் கனமையத்துக்கு நேர் மேலே நிறுத்துங்கள். கைச்சங்கிலியை இழுத்துப் பெல்ட் விறைக்கும் வரை மட்டும் கொண்டுவந்து நிறுத்தி, சுற்றி வந்து பாருங்கள்: கொக்கியின் வாய்ப்பூட்டு மூடியிருக்கிறதா, பெல்ட் கொக்கியின் அடிவயிற்றில் உட்கார்ந்திருக்கிறதா, நுனியில் நிற்கிறதா, சங்கிலியில் முறுக்கு உண்டா. பிறகு 5 சென்டிமீட்டர் தூக்குங்கள். கைச்சங்கிலியின் ஒரு கண்ணியில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். கோடு நகர்ந்திருந்தால் பிரேக் வழுக்குகிறது, இறக்கிவிடுங்கள். சாமான் ஒரு பக்கம் தாழ்ந்தாலும் இறக்கிப் பெல்ட்டை நகர்த்தி மறுபடி. தாழ்ந்த பக்கத்தைக் கையால் தாங்கிப் பிடிக்கும் வழக்கத்தை விடுங்கள்.

ஏற்றும்போது பிளாக்குக்குள் "டிக் டிக்" என்று சத்தம் கேட்க வேண்டும். அது, பாரம் பின்னோக்கி இறங்காமல் தடுக்கும் தடைநாக்கு பல்லில் விழும் சத்தம். சத்தம் நின்றால் நிறுத்திவிடுங்கள்.

1 டன் பிளாக்கில் முழுப் பாரத்துக்கு 30 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கும், ஓர் ஆள் இழுப்பு. அவரால் முடியவில்லை என்றால் இன்னொருவரைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள். ஒன்று எடைக் கணக்கு தப்பு, அல்லது சாமான் எங்கோ மாட்டியிருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால் அறுவது சங்கிலிதான்.

தேவைக்கு மேல் ஒரு விரல்கூட உயர்த்த வேண்டாம். 10 சென்டிமீட்டரில் நழுவினால் கட்டை நசுங்கும். 1 மீட்டரில் நழுவினால் ஆள் போவான். தூக்கிய உடனே அடியில் கட்டை அடுக்கி, பாரம் கட்டையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கூடவே ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

ஜாக்கில் ஏற்றிக் கட்டையில் இறக்குவது

கூரை உயரமே இல்லாத ஷெட்டில் முழு வேலையையும் ஜாக்கிலும் கட்டையிலும் முடிக்கலாம். ஒரு பக்கத்தைக் கடப்பாரையால் நெம்பி ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டைச் செருகுங்கள். இப்படியே மேலும் துண்டுகளைச் செருகி, இடைவெளி முக்கால் அடியைத் தாண்டினால்தான் பாட்டில் ஜாக் நுழையும். ஜாக்கின் அடியில் முக்கால் அங்குலப் பிளைவுட், தலையில் ஒரு மரத்துண்டு. இரும்போடு இரும்பும், கல்லோடு இரும்பும் வழுக்கும், நடுவில் மரம் இருந்தால் கவ்வும். 5 சென்டிமீட்டர் ஏற்று, கட்டை வை, ஜாக்கை இறக்கு, அடுத்த பக்கம் போ. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் ஜாக்கில் நிறுத்தாதீர்கள்.

கட்டைகளை இரண்டு இரண்டாக, ஒரு வரிசை நெடுக்கு, அடுத்தது குறுக்கு என அடுக்குங்கள். ஒவ்வொரு முனையும் 4 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அடுக்கின் உயரம் கட்டையின் நீளத்தைத் தாண்ட வேண்டாம். கட்டைக்குப் பதில் செங்கல், ஹாலோ பிளாக் வைப்பவர்கள் பலர். மரம் உடையும் முன் முனகும், நார் நாராகத் தெரியும். ஹாலோ பிளாக் ஒரு சத்தமும் இல்லாமல் பொடியாகும்.

டிராலி ஜாக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதன் கை நேராக மேலே எழாது, வில்போல வளைந்து எழும். கை உயர உயர ஜாக்கே சக்கரத்தில் உருண்டு சாமானுக்கு அடியில் போக வேண்டும். மண் தரையில் அந்த இரும்புச் சக்கரம் புதைந்துவிடும், ஜாக் நகராது, பதிலுக்குச் சாமான் ஜாக்கின் தலையிலிருந்து வழுகும். செம்மண் தரை ஷெட்டில் டிராலி ஜாக் பயன்படுத்த வேண்டுமானால் கீழே பிளைவுட்டும் அதன்மேல் 6 மில்லிமீட்டர் இரும்புத் தகடும் போட்டு, சக்கரத்துக்கு ஓட இடம் விடுங்கள்.

உருட்டி நகர்த்த

அடியில் ஒரு பலகை, அதற்கடியில் பைப். எந்த நேரத்திலும் மூன்று பைப் பாரத்தின் அடியில் இருக்க வேண்டும், பின்னால் வெளியே வருவதை முன்னால் கொண்டு போக இரண்டு. அதனால்தான் ஐந்து. பைப்பைத் திருப்பக் கையை விடாதீர்கள், சுத்தியலால் அதன் முனையைத் தட்டினால் சாமான் அந்தப் பக்கம் திரும்பும்.

ஷெட்டிலிருந்து பட்டாலை (வீட்டுக் கூடம்) வழியாகப் போக வேண்டியிருந்தால் ஆத்தங்குடிக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அது சூளையில் சுடாதது, கண்ணாடிமேல் வார்த்த சிமெண்டுக் கல், பூவேலை இருப்பது மேலே உள்ள மெல்லிய படலத்தில்தான். இரும்புச் சக்கரம் ஒரு தடவை ஓடினால் அந்தத் தடம் நிரந்தரம். முதலில் பெருக்குங்கள், ஒரு மணல் துணுக்கு பலகைக்கு அடியில் கிடந்தாலும் கீறும். பழைய ஜமுக்காளம், அதன்மேல் முக்கால் அங்குலப் பிளைவுட் இரண்டு அடுக்கு, மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்புக்கு மேல் வராதபடி.

நம் வீடுகளின் தரை தெருவைவிட நல்ல உயரம். 3 அடி மேடைக்குச் சாய்பலகை போட்டால் 18 அடி நீளம் வேண்டும், அப்போதுதான் ஆறுக்கு ஒன்று சாய்வு. அந்தச் சாய்வில் 500 கிலோவை பைப் மேல் இழுக்க 110 கிலோ அளவுக்கு இழுப்பு தேவை. இங்கே செயின் பிளாக் உதவாது, படுக்கையாக இழுத்தால் கைச்சங்கிலி சிக்கும். லீவர் ஹாய்ஸ்ட்தான் சரி. ஒன்றரை மீட்டர் இழுத்ததும் சங்கிலி தீரும். பின்னால் ஆப்பு அடித்துப் பாரத்தை நிறுத்திய பிறகே ஹாய்ஸ்டை விடுவித்து முன்னால் மாட்டுங்கள். இறக்கும்போதும் மேலிருந்து லீவர் ஹாய்ஸ்ட் பிடித்துக்கொண்டே இறக்க வேண்டும். பாரத்தின் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது, ஆப்பு வைப்பவர் பக்கவாட்டில் நின்று குச்சியால் தள்ளட்டும்.

ஹாய்ஸ்டை எதில் கட்டுவது? தேக்குத் தூணில் கட்டாதீர்கள். அது கல் பீடத்தின்மேல் உட்கார்ந்திருப்பது, மேலிருந்து வரும் பாரத்துக்கானது, பக்கவாட்டு இழுப்புக்கு ஆனதல்ல. சித்திர வேலை செய்த வாசல் நிலையிலும் கட்டாதீர்கள். வாசலுக்கு உள்பக்கம், சுவரின் இரண்டு பக்கமும் ஒன்றரை அடியாவது படியும்படி ஒரு 6 அங்குலச் சட்டத்தைக் குறுக்கே சாத்தி, அதன் நடுவில் கட்டுங்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே பலகையும் சாக்கும் வைத்தால் சுண்ணாம்புப் பூச்சு தப்பும்.

இரும்புப் பெட்டி

பெட்டியின் கனம் கதவுப் பக்கம். ஜாக் வைத்துப் பின்பக்கத்தை முதலில் தூக்கினால் முகம் குப்புற விழும். கதவுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பூட்டி, சாவியை எடுத்துவிட்டு, பெல்ட்டால் கதவைச் சுற்றியும் இறுக்குங்கள். பழைய பூட்டு சாய்வில் விட்டுக்கொடுக்கும். சாய்பலகையில் கதவு மேட்டுப் பக்கம் பார்த்திருக்கட்டும். பக்கவாட்டில் உள்ள கைப்பிடி வளையங்கள் தூக்குவதற்குப் போதுமானவையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, பெல்ட்டை அடியில் கொடுத்தே தூக்குங்கள்.

என்ஜின் கிரேனும் மின் ஹாய்ஸ்டும்

மடித்து வைக்கும் என்ஜின் கிரேனில் "2 டன்" என்று எழுதியிருப்பது கை முழுக்கச் சுருங்கியிருக்கும்போது மட்டும். கடைசித் துளை வரை நீட்டினால் அநேகமாக அரை டன்தான், துளை ஒவ்வொன்றின் அருகிலும் எண் இருக்கும். கால்களையும் கையின் அளவுக்கு நீட்டுங்கள். நீண்ட நாள் கிடந்த கிரேனின் பம்ப் பஞ்சுபோல அமுங்கினால் உள்ளே காற்று. இறக்கும் வால்வைத் திறந்து வைத்து பத்துப் பதினைந்து முறை பம்ப் அடியுங்கள். ஹைட்ராலிக் ஆயிலுக்குப் பதில் பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் ஊறிப் போகும்.

சின்ன மின் ஹாய்ஸ்டைப் பலர் முதலில் வாங்குகிறார்கள், வீட்டு ஷெட்டுக்கு அது கடைசியாக வாங்க வேண்டியது. "200/400" என்று போட்டிருந்தால் ஒற்றைக் கம்பியில் 200 கிலோ, கீழ்க் கப்பி மாட்டினால்தான் 400. பொத்தானை அழுத்தினால் துள்ளித் தூக்கும், மெல்லத் தூக்கும் நிதானம் அதற்கு வராது. டிரம்மில் குறைந்தது மூன்று சுற்றுக் கம்பி எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். மாலையில் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் முனகி நின்றுவிடும், சூடேறும். எர்த் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில் மட்டும் போடுங்கள்.

எடுத்து வைக்கும்போது

செயின் பிளாக்கின் பாரச் சங்கிலிக்கு மட்டும் எண்ணெய், துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். மேலே உள்ள மூடிக்குள் ஊற்றாதீர்கள். உள்ளே இருக்கும் பிரேக் உராய்வால் பிடிப்பது, ஒரு சொட்டு எண்ணெய் போனாலும் வழுக்கும். புதிதாக வாங்கும்போது ஐ.எஸ். 3832 குறியும், திறன் பொறித்த தகடும், வரிசை எண்ணும் பாருங்கள். வாங்கிய அன்றே கொக்கியின் வாய் அகலத்தை அளந்து பிளாக்கின் மேலேயே பெயிண்டில் எழுதிவிடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை அளக்கும்போது 5 சதவீதம் விரிந்திருந்தாலும் கொக்கியை மாற்ற வேண்டும், சுத்தியலால் அடித்து நெருக்கக் கூடாது. பெல்ட்டுகளை வெயில் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். கட்டைகளைத் தரையில் போடாமல் இரண்டு கல்லின்மேல் அடுக்குங்கள், நம் மண்ணில் கரையான் ஒரே மழைக்காலத்தில் உள்ளே புகுந்துவிடும். எடுக்கும்போது ஒவ்வொரு கட்டையையும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுங்கள், பொத்தென்று கேட்டால் அது விறகுக்கு.